இழுவைப் பட்டன்

கிழக்கு வெளுப்பதற்கு முன்பே குவாரியில் கல் ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். கிரேன் ஒவ்வொரு கற்பலகையாகத் தூக்கிக்கொண்டு வரும். கீழே நாலு பேர் நின்று அதன் ஓரத்தைப் பிடித்துத் திருப்பி, டிரெய்லரில் சாய்த்து வைக்க வேண்டும். பனியில் நனைந்த கல் தொட்ட இடமெல்லாம் தோலை உரித்தது. பலகைக்கு நடுவே விரல் மாட்டினால் போனதுதான். ஏற்றுகிறவர்களில் பத்து விரலும் முழுசாக வைத்திருப்பவர்கள் மூன்றே பேர். அவர்களும் புதுசாகச் சேர்ந்தவர்கள்.

மெக்கானிக் அந்நேரம் ஒரு டிரக்குக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். முந்தின நாள் ஓட்டத்தில் பிரேக் டிரம் நீலம் பாரித்திருந்தது. பிரேக் ஷூவின் பரப்பு வெந்து, கண்ணாடி மாதிரி மினுங்கியது. உப்புத்தாளை வைத்துத் தேய்த்தான். தேய்க்கத் தேய்க்கக் கருகல் வாடைதான் வந்தது. மாற்று ஷூ கேட்டு மூன்று தடவை எழுதிக் கொடுத்தாயிற்று. எழுதிய தாள் எந்தக் குப்பையில் கிடக்கிறதோ.

அவன் தலைமாட்டில் இரண்டு செருப்புகள் வந்து நின்றன.

"மச்சான், உசிரோட இருக்கியா, இல்ல தூங்கிட்டியா?"

தங்கச்சி புருஷன். எல்லாரும் அவனை ஆமை என்பார்கள். மலையிலிருந்து இறங்கும்போது அவனை முந்தாத வண்டி கிடையாது. பின்னால் வருகிறவன் ஹாரனை அடித்துத் தேய்த்தாலும் அசைய மாட்டான்.

"படுத்துக்கிட்டே வேலை செய்யற வரம் எனக்குத்தான் வாய்ச்சிருக்கு, மாப்ளே. வயித்தெரிச்சல் படாதே."

"இந்தப் பட்டனை எப்போதான் திருப்பித் தரப்போறே? கல்யாணத்துக்குத்தான் நீ ஒண்ணும் செய்யலை. அதுக்குப் பதிலா இதையாவது செய்."

மெக்கானிக் சிரித்தான். சிரிப்பு முகத்தோடு நின்றுவிட்டது. நல்லவேளை, அவன் டிரக்குக்கு அடியில் இருந்தான்.

பட்டன் கியர் லீவரின் தலையில் இருந்தது. சின்னஞ்சிறு டிரெய்லர் படம் போட்டது. டிரைவர்கள் அதை 'இழுவை' என்பார்கள். இந்த டிரக்குகளில் கியரை வண்டியே மாற்றிக்கொள்ளும். வெறும் வண்டிக்கு அது சுகம். பின்னால் பாரத்தை மாட்டிக்கொண்டு மலையேறினால் அந்தப் பெட்டிக்குப் பைத்தியம் பிடித்துவிடும். மேல் கியருக்குப் போகும், இழுக்க முடியாமல் கீழே வரும், மறுபடி போகும். எண்ணெய் கொதிக்கும். இறக்கத்தில் இன்னும் மோசம். காலை எடுத்ததும் மேல் கியருக்கு ஓடிப்போய், வண்டியை அதன் போக்கில் உருளவிட்டுவிடும். இழுவையை அழுத்தினால்தான் அதற்குப் புத்தி வரும். கீழ் கியரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். இன்ஜின் உறுமிக்கொண்டே வண்டியைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும். பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் பன்னிரண்டு வளைவையும் இறங்கிவிடலாம். ஆனால் மெதுவாகத்தான்.

அந்த 'மெதுவாக' என்பதுதான் முதலாளிக்கு ஆகவில்லை.

மூன்று வாரம் முன்னால் அவர் மெக்கானிக்கை அறைக்குக் கூப்பிட்டார். மேஜையில் ஒரு திரை. அதில் பதினாலு வண்டிகளும் பதினாலு புள்ளிகளாக ஊர்ந்துகொண்டிருந்தன.

"ஒரு நாளைக்கு நாலு நடைதான் அடிக்கிறானுங்க. ஏன் தெரியுமா? எல்லாப் பயலும் பட்டனை அமுக்கிட்டு ஊர்வலம் போறான். இந்த வேகத்துல போனா டீசலும் கூடக் குடிக்குது. இனிமே ஆறு நடை. அந்த ஒயரை வெட்டிடு."

"சார், இறக்கத்துல இன்ஜின் பிடிக்கணும். கையால கீழ் கியர் போடறதும் அதே ஒயர்லதான் போகுது. அதை வெட்டினா..."

"பிரேக்குன்னு ஒண்ணு வச்சிருக்கானே, அது எதுக்கு? அழகுக்கா?"

"இவ்ளோ பாரத்துக்கு அது மட்டும் தாங்காது சார். சூடேறினா பெடல் தரையைத் தொட்டுடும்."

முதலாளி அவனை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நீ வெட்டறியா, இல்ல வெட்டறவனைக் கூட்டிட்டு வரட்டா?"

வெட்டினான். ஒவ்வொரு வண்டியிலும் லீவரின் மூடியைக் கழற்றி, நூல் தடிமன் உள்ள மஞ்சள் ஒயரை இடுக்கியால் நறுக்கென்று வெட்டினான். பதினாலு நறுக். ஆமையின் வண்டியை வெட்டும்போது ஆமையே பக்கத்தில் டார்ச் பிடித்தான். யாரும் வாய் திறக்கவில்லை. ஆளாளுக்கு வீடு இருந்தது, வாடகை இருந்தது.

ஆமை வந்து பட்டனைக் கேட்ட அன்று, மூன்றாவது நடை. வெயில் உச்சிக்கு வந்திருந்தது. கீழேயிருந்து மூச்சுவாங்க ஓடிவந்த சாலைப் பணியாள் ஒருவன் பெயர் சொல்லவில்லை. "ஆமையோட வண்டி" என்று மட்டும் சொன்னான்.

மெக்கானிக் இறங்கிப் போனபோது ஏழாவது வளைவிலிருந்தே ரோட்டில் கருகல் வாடை அடித்தது. எட்டாவதில் பிரேக் புகை இன்னும் கலையாமல் நின்றது. ஒன்பதாவதில் சாலைப் பணியாட்கள் பதினோரு பேர், தார் வாளிகளோடு, பள்ளத்துப் பக்கச் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் உடம்பில் கீறல்கூட இல்லை. அவர்களைப் பார்த்ததும் ஆமை ஸ்டியரிங்கை மலைப் பக்கம் ஒடித்திருக்கிறான். டிரக் பாறையில் மோதி நின்றது. பின்னால் இருந்த கல் நிற்கவில்லை.

ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. இறக்கம் முழுக்க எல்லாரையும் விலகச் சொல்லி அவன் அழுத்திய ஹாரன். நசுங்கிய கேபினுக்குள் எதுவோ அதை அழுத்திப் பிடித்திருந்தது. அது என்னவென்று யோசிக்க மெக்கானிக்குக்குத் தைரியம் இல்லை. பானெட்டுக்குக் கீழே கையை விட்டு, பேட்டரி ஒயரைப் பிடுங்கினான். அதற்குப் பிறகு வந்த அமைதியை அவனால் தாங்க முடியவில்லை. ரோட்டில் உட்கார்ந்துவிட்டான்.

கிரேன் வந்தது. கூடவே மேஸ்திரியும் வந்தார். கேபின்மேல் கிடந்த பலகைகளில் உடையாதவை ஏழெட்டு இருந்தன. மேஸ்திரி போனை ஒரு காதில் வைத்துக்கொண்டு, மறு கையால் கிரேன்காரனுக்குச் சைகை காட்டினார்.

"பாத்து... பாத்து இறக்கு. ஓரம் உடையாம."

இன்னொரு டிரெய்லர் வந்து, நல்ல பலகைகள் எல்லாம் அதில் ஏறி, சங்கிலி பூட்டிய பிறகுதான் ஆமையை வெளியே எடுத்தார்கள். தங்கச்சியிடம் முகத்தைக் காட்டவில்லை. காட்ட முகம் இல்லை. வலது கையை மட்டும் காட்டினார்கள். "இவர்தான்" என்றாள்.

மறுநாள் அடக்கம் முடிந்து, கைமண் உலர்வதற்குள் முதலாளி ஆள் அனுப்பினார்.

மேஜைமேல் ஒரு தாள் தயாராக இருந்தது. மெக்கானிக் நின்றபடியே படித்தான். விபத்துக்குள்ளான வாகனத்தின் இழுவை மோடு நல்ல நிலையில் இயங்கியது, ஓட்டுநர் இறக்கத்தில் அதை அழுத்தத் தவறிவிட்டார். கீழே அவன் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள்.

"நாளை மறுநாள் வண்டியைப் பாக்க இன்ஸ்பெக்டர் வர்றார். மோதின வண்டி கேபின் நசுங்கிப் போச்சு, அதுல எதுவும் தெரியாது. அதுக்குள்ள மிச்சம் பதிமூணுலயும் ஒயரைச் சேத்து வச்சிடு. கையெழுத்தை இப்பவே போடு."

"சார், நீங்கதானே வெட்டச் சொன்னீங்க?"

"நானா? எழுத்துல குடுத்தேனா?" முதலாளி முதல் தடவையாக அவனை நேராகப் பார்த்தார். குரல் உயரவே இல்லை. "இடுக்கி யார் கையில இருந்துச்சு? தங்கச்சி புருஷனோட வண்டியை வெட்டி அவனைக் கொன்னவன்னு உன்னைத்தான் உள்ள தள்ளுவாங்க. போட்டுட்டா ஒரு வம்பும் இல்ல. உன் தங்கச்சிக்கும் கேன்டீன்ல பாத்திரம் கழுவற வேலை தரேன். யோசிக்கிற அளவுக்கு இதுல என்ன இருக்கு?"

"நாளைக்குச் சொல்றேன் சார்."

"சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. போடு. அவ்ளோதான்."

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தான். கால் அவனைக் கேட்காமல் தங்கச்சி வீட்டுக்குக் கூட்டிப்போனது.

ஒற்றை அறை. கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவே ஒரு ஆள் நடக்கலாம். தங்கச்சி தரையில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த கண்.

"அண்ணே, அவரு பட்டனை அமுக்க மறந்துட்டாராமே? மேஸ்திரி வந்து சொல்லிட்டுப் போனாரு. வாசப் பூட்டை மூணு தடவை இழுத்துப் பாக்கற மனுஷன் அண்ணே அவரு. மறப்பாரா?"

மெக்கானிக் வாசலிலேயே நின்றான். பொய் சொல்ல வாய் வந்தது. பொய் வரவில்லை.

"மறக்கலை. அமுக்கியிருப்பான். அமுக்கிக்கிட்டே இருந்திருப்பான். ஒயர் இல்ல. நான்தான் வெட்டினேன்."

அவள் தரையில் கையூன்றினாள். பிறகு எழுந்து வந்தாள். அடிப்பாள் என்று நினைத்தான். அடித்திருந்தால் தேவலை.

"கையைக் காட்டு."

காட்டினான். அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"எங்கிட்டச் சொல்லி அழுதுட்டா உனக்குப் பாரம் குறைஞ்சிடும், இல்ல? நான் உன்னை மன்னிக்கப் போறதில்லண்ணே. சாகற வரைக்கும் மாட்டேன். போ. எங்கிட்டச் சொன்னதை அங்க எல்லார் முன்னாலயும் சொல்லு. அவரு மறக்கலைன்னு சொல்லு."

கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை ஷிப்டுக்கு டிரைவர்கள் சாவி வாங்க வந்தபோது, மெக்கானிக் முற்றத்து நடுவே நின்றான். தாளை விரித்துப் படித்தான். கேன்டீன் ஆசையையும், ஜெயில் மிரட்டலையும் ஒன்றுவிடாமல் சொன்னான். முடிப்பதற்குள் நெட்டை அவன் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டான். நெட்டை ஆமையோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவன்.

"வெட்டும்போது எங்கடா போச்சு இந்த வாய்?"

மெக்கானிக் உதட்டு ரத்தத்தைத் துடைக்கவில்லை. பதில் சொன்னது ஒரு டிரைவரம்மா. பதினாலு பேரில் ஒரே பெண்பிள்ளை, எல்லாருக்கும் அக்கா.

"நம்ம வாய் எங்க போச்சு, நெட்டை? மூணு வாரமா கருகல் வாடையை மூக்குல வாங்கிக்கிட்டுத்தானே ஓட்டினோம். நானும்தான். எறங்கி முடிச்சதும் காலு நடுங்கும். வீட்டுல சொல்ல மாட்டேன்." மெக்கானிக் பக்கம் திரும்பினாள். "ஒயரைச் சேத்துட்டியா?"

"இல்லக்கா. பதிமூணும் வெட்டினது வெட்டினபடியே இருக்கு."

"அப்போ பதிமூணு சாட்சி நம்ம கையில இருக்கு. நாளைக்கு இன்ஸ்பெக்டர் வந்து பாக்கற வரைக்கும் ஒரு வண்டி நகரக் கூடாது. ஒரு பய லீவர்ல கை வைக்கக் கூடாது."

யாரும் கை தட்டவில்லை. ஆளுக்கொரு வண்டிக்குப் போய், கதவில் முதுகைச் சாய்த்து நின்றார்கள். கல் ஏற்றுகிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அரை விரல்காரர் ஒருவர் கையிலிருந்த சங்கிலியைக் கீழே போட்டார். மற்றவர்களும் போட்டார்கள். கிரேன் பாதியில் நின்றது.

முதலாளி கார் கதவைக்கூடச் சாத்தாமல் இறங்கி வந்தார்.

"என்ன நாடகம் இது? டேய் மெக்கானிக், ஒயரைச் சேருடா!"

"மாட்டேன் சார்."

"வெட்டினது நீ. மறந்துடாதே. இப்பவே போன் போட்டா உன்னை இழுத்துட்டுப் போவாங்க."

"போடுங்க," என்றாள் அக்கா. "வெட்டினது இவன் கைன்னா, தெரிஞ்சே ஓட்டினது எங்க கை. வர்றவங்களைப் பெரிய வண்டியாக் கொண்டுவரச் சொல்லுங்க. பதிமூணு டிரைவர் ஏறணும்."

"எங்களையும் சேத்துக்க," என்றார் அரை விரல்காரர். "பாரம் ஏத்தினது நாங்க."

"சாயங்காலத்துக்குள்ள புது டிரைவருங்க வருவாங்க! உங்க ஒருத்தனுக்கும் நாளைக்கு வேலை கிடையாது!"

"வரட்டும் சார்," என்றான் மெக்கானிக். "எந்த வண்டியில பிரேக்கு எவ்ளோ மிச்சம்னு அவங்களுக்கும் சொல்றோம். கேட்டுட்டு ஓட்டட்டும்."

முதலாளி போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனார். ஜன்னல் வழியாக அவர் கத்துவது கேட்டது. அவர் பேச்சில் ஆமையின் பெயர் வரவே இல்லை.

வெயில் ஏறியது. தங்கச்சி குவாரி வாசலில் வந்து நின்றாள். நேராக வந்து, வண்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வரிசையின் கடைசியில், அக்காவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அண்ணனைத் திரும்பிப் பார்க்கவில்லை. மெக்கானிக் தனியாக, எந்த வண்டிக்கும் சேராமல், நடு முற்றத்தில் நின்றுகொண்டிருந்தான்.

மலைப்பாதையில் வண்டிச் சத்தம் கேட்டது. ஒன்று அல்ல, இரண்டு மூன்று. ஏறி வருகிற சத்தம். புது டிரைவர்களா, போலீசா, இன்ஸ்பெக்டர் ஒரு நாள் முன்னாலேயே வந்துவிட்டாரா, ஒருவருக்கும் தெரியவில்லை. வரிசையில் நின்றவர்கள் தோளோடு தோள் நெருங்கினார்கள்.

"அண்ணே," என்றாள் தங்கச்சி. முகம் இன்னும் ரோட்டைப் பார்த்தே இருந்தது. ஓரடி தள்ளி நின்று, தனக்கும் அக்காவுக்கும் நடுவே ஒரு ஆள் நிற்க இடம் விட்டாள். "அங்க எதுக்கு நிக்கறே? இங்க வந்து நில்லு."