எதிர்ச்சரிவு

லதீனா இடுப்பளவு பள்ளம் தோண்டி, ஓரத்துப் பனியைத் தூண் போல அறுத்து நிறுத்தினாள். அதன் தலையில் மண்வெட்டியை வைத்துக் கையால் தட்டினாள். மூன்றாவது தட்டிலேயே மேல்பாதி நழுவி அவள் முழங்காலில் விழுந்தது. அடியில் இருந்ததை அள்ளிப் பார்த்தாள். டிசம்பர் பனி. ஒன்றோடொன்று ஒட்டாமல் சர்க்கரை போல விரலிடுக்கில் ஓடியது. இந்த வாரம் கொட்டியதெல்லாம் அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தது.

பதினேழு வருடமாகப் பள்ளத்தாக்குக்குப் பனி சரியுமா என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. தம்பி தூரிக்கு, வெளியூர்க்காரர்களைப் பனிச்சறுக்கலுக்கு மலைமேல் கூட்டிப்போகிற வேலை. உடனே அவனைப் போனில் கூப்பிட்டாள்.

"வடக்குப் பக்கம் போகாதடா. அடியில பிடிப்பே இல்ல."

"நீ எந்த வருஷம்க்கா போன்னு சொல்லியிருக்க? உன் பேச்சக் கேட்டா நான் கீழ பாலாடைக்கட்டிதான் விக்கணும்."

"விளையாடாத, தூரி."

"ஓரமாத்தான் போறோம். ஒவ்வொருத்தராத்தான் விடுவேன். சாயங்காலம் வரேன், பார்லி சூப் வையி."

அரைமணி கழித்துக் குறிப்பேட்டை மூடி நிமிர்ந்தபோது, ஆற்றுப்பிளவுக்கு அப்பால் வடக்குச் சரிவில் நான்கு புள்ளிகள் தெரிந்தன. முன்னால் போன புள்ளி தூரியைப் போலவே தோளைச் சாய்த்து நடந்தது. போனை எடுத்தாள். அந்தப் பக்கம் சிக்னல் கிடையாது. இறங்கி ஏறிப் போக இரண்டு மணி நேரம் ஆகும்.

முதல் புள்ளி மட்டும் தனியே சரிவின் நடுவுக்கு வந்தது. அதற்கு மேலே நூல் இழுத்தாற்போல ஒரு கோடு ஓடியது. சரிவு முழுக்கச் சுருங்கி நகர்ந்தது. சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது. பனிப்புகை அடங்கியபோது ஓரத்தில் மூன்று புள்ளிகள் நின்றன.

மீட்புக் குழுவைக் கூப்பிட்டாள்.

"மேகம் இறங்குது, ஹெலிகாப்டர் வரப் பாக்கும்" என்றாள் அங்கே ஒருத்தி. "கடைசியா எங்க பாத்தீங்க?"

"பெரிய பாறைக்கு நேர் கீழ."

"அந்த இடத்துலேர்ந்து கண்ண எடுக்காதீங்க."

மூன்று பேரும் அசையவில்லை. புதைந்தவரைத் தேடும் கருவி மூவரிடமும் இருக்கும். காலையில் அதைப் பழக்கிக் கொடுத்தவன்தான் உள்ளே கிடந்தான்.

"இறங்குங்க! தேடுங்க!" என்று கத்தினாள். குரல் பனியில் விழுந்து அமிழ்ந்தது. ஒரு புள்ளி அப்படியே உட்கார்ந்துவிட்டது. ஆறு நிமிடம். எட்டு நிமிடம். கடைசியில் ஒன்று இறங்கியது. இறங்கி, இடது பக்கம் போனது.

"அங்க இல்ல! இந்தப் பக்கம், இந்தப் பக்கம்!"

வலது கையைப் பாறைக்கு நேராக நீட்டினாள். கை கொஞ்சம் நகர்ந்தாலும் இடம் தொலைந்துவிடும் என்று தோன்றியது. பிளவிலிருந்து மூடுபனி ஏறி வந்து, இறங்கியவனை மூடியது, அப்புறம் பாறையை, அப்புறம் எல்லாவற்றையும்.

"இன்னும் தெரியுதா உங்களுக்கு?" என்றது போன்.

"தெரியுது" என்றாள்.

எதிரே வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. நீட்டிய கையின் மேல் பனி மெல்ல விழ ஆரம்பித்தது.