ஊத்துக்கு மேலே நீச்சல் குளம்

குழாய் ஒட்டும் வேலை தொடங்கிய அன்று தண்ணீர் குடிக்கச் சரிவில் இறங்கிய ஹரிஹரனை, அங்கே குடியிருந்த சுஜாதா ஊத்தில் கை வைக்க விடவில்லை. கல் அடுக்கிய சின்னக் குழி அது. அடியில் மணல் கொதிப்பதுபோல் நீர் சத்தமில்லாமல் கிளம்பிக்கொண்டிருந்தது. அவன் விரல்களில் பைப் பசையின் வாடை. அவனைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, சொம்பில் மொண்டு வந்து கையில் ஊற்றினாள்.

"இதுலதான் எங்கூட்டுச் சோறு வேகுது சாமி. எம் மகளானாலும் இதுல கைய உடக் கூடாது."

ஊத்துக்கு நேர் மேலே, மஞ்சக்குட்டை சாலையை ஒட்டி, கோவிந்தராஜின் புது வீடு இருந்தது. சேலத்தில் ஓட்டல் நடத்துபவர். வீட்டோடு ஒரு நீச்சல் குளமும் கட்டிக்கொண்டிருந்தார். அதன் மோட்டார், மணல் ஃபில்டர், குழாய்கள் எல்லாம் மலை அடிவாரத்துப் பிளம்பரான ஹரிஹரனின் பொறுப்பு. ஃபில்டரைக் கழுவும்போது அழுக்கும் குளோரினுமாக வெளியேறும் தண்ணீருக்குத் தனியாக ஒரு குழி வேண்டும் என்று அவன் சொல்லியிருந்தான். அங்கே பாறையை உடைக்க முடியாது, குழாயைச் சரிவில் விடு என்றார் கோவிந்தராஜ். விட்டான். அதன் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் ஒட்டினான்.

மோட்டாரைச் சோதித்த அன்று காலையில் பனி இறங்கி, சில்வர் ஓக் மரங்கள் பாதியில் காணாமல் போயிருந்தன. சாலையில் நின்ற டேங்கர் லாரியிலிருந்து ஓஸ் வழியாகக் குளத்தில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. தண்ணீர் முழங்காலுக்கு வந்திருந்தது. மோட்டாரைப் போட்டதும் இருமியது, இழுவை போதவில்லை. காரணம் ஹரிஹரனுக்கு உடனே புரிந்தது. கான்கிரீட் போட்டபோது சிமென்ட் உள்ளே போகாமலிருக்க, குளத்தடிக் குழாயில் சாக்குத் துண்டைத் திணித்திருந்தான். அதை எடுக்க மறந்துவிட்டான்.

வேறு இடமாக இருந்தால் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் இறங்குவான். யாராலும் மோட்டாரைப் போட முடியாது. இங்கே எல்லாம் புதுப் பலகை, தட்டிவிடும் சுவிட்ச். பிடுங்க எதுவுமில்லை. அணைத்துவிட்டு இறங்கினான். கோவிந்தராஜ் வாசலில் போன் பேசிக்கொண்டிருந்ததால் அவரிடம் சொல்லவில்லை.

குளத்தின் மறுகோடியில், தரையில் பானை அளவுக்கு ஒரு பள்ளம்; அதன் அடியில் குழாயின் வாய். மண்டியிட்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து, வலது கையை விட்டான். சாக்கின் முனை விரலில் பட்டது.

அப்போதுதான், மோட்டார் சத்தம் கேட்டு, சுஜாதா கொடுவாளோடு மேலே வந்தாள். மோட்டார் அறை குளத்தின் விளிம்பிலேயே இருந்தது. அவள் நேரே உள்ளே போய், சுவரைத் துளைத்து வெளியே போகும் குழாயின் முன் நின்று கொடுவாளை ஓங்கினாள். ஓடி வந்த கோவிந்தராஜ் பின்னாலிருந்து அவள் கூந்தலைப் பிடித்து இழுத்தார். தலை சுவரில் மோதியது. அவள் திரும்பி முழங்கையால் அவர் வாயில் இடித்தாள். பல் உதட்டைக் கிழித்தது. அவர் மூலையில் கிடந்த குழாய்த் துண்டை எடுத்து அவள் தோளில் அடித்தார், மறுபடியும் அடித்தார். அவள் மூக்கிலிருந்து ரத்தம் தாடைக்கு இறங்கியது. கொடுவாளை மட்டும் விடவில்லை.

"எம் பட்டா நெலம் இது," என்றார் அவர், ரத்தத்தைத் துப்பிவிட்டு. "எந்தண்ணி எங்க போவோணும்னு நீ சொல்றியா? இப்பவே போட்டுக் காட்டறேன், பாரு."

சுவிட்சைத் தட்டினார்.

குளத்துக்குள் ஹரிஹரனின் கையைக் குழாய் கவ்வியது. சாக்கோடு சேர்த்து மணிக்கட்டுவரை உள்ளே போய்விட்டது. இழுத்தான், தோல் உரிந்தது, கை வரவில்லை. தாடை தண்ணீரைத் தொட்டது. அவன் தலைக்குமேல் ஓஸிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. லாரி டிரைவர் கேபினில் பாட்டைப் போட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். ஹரிஹரன் கத்தினான். தண்ணீரின் இரைச்சலும் மோட்டாரின் இரைச்சலும் அதை விழுங்கின. உதடு முழுகியது. மூக்கால் மூச்சுவிட்டான். பிடிபட்ட கை இப்போது தன்னுடையதாகத் தோன்றவில்லை. பூமிக்கு அடியிலிருந்து யாரோ கைகுலுக்க நீட்டி, விட மறுப்பது போலிருந்தது. இடது கையால் இடுப்பிலிருந்த ஸ்பேனரை உருவி, குத்துமதிப்பாக மேலே வீசினான்.

அது விளிம்பில் விழுந்து மோட்டார் அறையின் வாசல்வரை சறுக்கிப் போனது. சுஜாதா திரும்பிப் பார்த்தாள். தூரத்தில், தண்ணீர்மேல், ஒரு நெற்றியும் நீரை அறையும் ஒரு கையும்.

"அந்தத் தம்பி சாவுதுங்க. மோட்டார நிறுத்துங்க."

"நொம்ப நடிக்காத," என்றார் கோவிந்தராஜ். சுவிட்சை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றார். வாசல் பக்கம் தலையைத் திருப்பினால் போதும், அவருக்கும் தெரிந்திருக்கும். திருப்பினால் கொடுவாள் கழுத்துக்கு வரும் என்று பயந்தார்.

அவளுக்கு ஒரு வெட்டுக்குத்தான் நேரமிருந்தது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வெள்ளைக் குழாய்கள். ஒன்று ஊத்துக்குப் போவது. அதை வெட்டத்தான் வந்தாள். இன்னொன்று குளத்திலிருந்து வருவது. எஸ்டேட்டில் தண்ணீர் இறைக்கும் ஆயில் எஞ்சினோடு வேலை பார்த்தவள் அவள். உறிஞ்சும் ஓஸில் ஓட்டை விழுந்தால் எஞ்சின் வெறும் காற்றைத்தான் இழுக்கும்.

குளத்துக் குழாயில் வெட்டினாள். அதே நொடியில் அவர் வீசிய குழாய்த் துண்டு அவள் மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு முறியும் சத்தம் அவருக்கும் கேட்டது. பிளந்த குழாய் பாம்பைப்போல் சீறியது. மோட்டார் ஊளையிட்டது.

ஹரிஹரனின் கை விடுபட்டது. மல்லாந்து விழுந்து, எழுந்து, தண்ணீரைக் கக்கினான். வலது கை முழங்கைவரை கருநீலமாக வீங்கியிருந்தது. விரல்களுக்கிடையில் சாக்குத் துண்டு இன்னும் இருந்தது. படியேறி வந்தவனைப் பார்த்த பிறகுதான் கோவிந்தராஜின் முகம் மாறியது. அவன் உள்ளே இருந்தது தனக்குத் தெரியாது என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஹரிஹரன் அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். மோட்டாரை நிறுத்தினான். இடது கையில் பைப் ரென்ச்சை எடுத்து, ஃபில்டரின் தலையில் இருந்த வால்வை அடித்தான். இரண்டாவது அடியில் கைப்பிடி பறந்தது, மூன்றாவதில் வால்வே பிளந்தது. தடுக்க வந்த கோவிந்தராஜின் முழங்காலில் அடுத்த அடி விழுந்தது. அவர் அலறிக்கொண்டு சரிந்தார். ஊத்துக்குப் போகும் குழாயை, தான் ஒட்டிய ஒவ்வொரு வளைவிலும், சுவர்வரை உடைத்தான். மீதியை வெளியே போய்ச் சரிவிலிருந்து பிடுங்கி எறிந்தான். போலீசைக் கூப்பிடுவேன் என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. கூப்பிடட்டும் என்று சுஜாதா தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டாள்.

ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தபடி இருவரும் சரிவில் இறங்கினார்கள். ஊத்தின் அடியில் மணல் முன்போலவே கொதித்துக்கொண்டிருந்தது. ரத்தம் சொட்டும் கை எரிந்தது. ஹரிஹரன் யோசிக்காமல் குனிந்தான்.

"அதுல கைய உடாத கண்ணு. தள்ளி நில்லு."

நின்றான். சுஜாதா முறிந்த கையை மார்போடு அணைத்துக்கொண்டு, இடது கையால் சொம்பில் மொண்டு வந்து, அவன் கைமேல் மெல்ல ஊற்றினாள். ரத்தம் கலந்த தண்ணீர் ஊத்தின் பக்கம் போகாமல், மிளகுக்கொடிகளின் பக்கம் ஓடியது.