பாலன் வீட்டில் உதிர்ந்த தாலிகட்டு

செந்தூல் அடுக்குமாடியின் ஏழாவது மாடியில் பாலன் வைத்திருந்த கம்ப்யூட்டர், தன்னால் ஓட்ட முடியாத காட்சிகளைத் தரையில் உதிர்த்துவிடும். ஒவ்வொன்றும் சீட்டுக்கட்டுச் சீட்டளவு, ஃபிலிம் போல மெலிசு. பாலனின் மனைவி சந்திரகலா காலையில் வீடு கூட்டும்போது அவற்றையும் சேர்த்துக் கூட்டிவிடுவார். செவ்வாய்க்கிழமை வரும் பழைய பேப்பர் லோரிக்காரர் மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொள்வார்.

வீட்டில் படம் பார்ப்பதற்கென்றே 2009இல் பாலன் பாகம் பாகமாக வாங்கித் தன் கையால் பூட்டிய கம்ப்யூட்டர் அது. அதைப் பற்றி யாராவது குறை சொன்னால் அன்றைக்கு அவர்களுக்கு அந்த வீட்டில் தேநீர் கிடையாது. ஃபோர்-கே வீடியோ வந்த பிறகுதான் அதற்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. வயது ஒரு காரணம். இன்னொரு காரணம், ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் பாலன் காற்றுத் துவாரத்தின் மேலேயே சந்தனமும் குங்குமமும் அப்பியது. உள்ளே விசிறி சிவந்து இறுகிக் கிடந்தது. துடைக்கச் சொன்னால், "சாமிக்கு வெச்சத எப்படிலா தொடைக்கிறது?" என்பார். அப்படிப்பட்ட மனிதரிடம் என்ன பேச முடியும்?

போன வருடம் அவருடைய மகள் விஷ்ணுப்ரியாவுக்கும் பிரிக்ஃபீல்ட்ஸ் யோகநாதனின் மகன் சிவேந்திரனுக்கும் கல்யாணம் நடந்தது. யோகநாதன் யாழ்ப்பாணத்து வழி வந்தவர், பெரிய அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். பாலனின் அப்பா ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். பட்டறைக்காரர் பேத்தியை மருமகளாக ஏற்றதில் அவருக்கு அரை மனசுதான் என்று எல்லோரும் பேசினார்கள். கல்யாண மண்டபத்தில்கூட பாலனை அவர் 'மிஸ்டர் பாலன்' என்றுதான் கூப்பிட்டார். கல்யாண வீடியோ ஃபோர்-கேயில், ஒரு ஹார்ட் டிஸ்க்கில் வந்தது. அது முதலில் தன் கம்ப்யூட்டரில்தான் ஓட வேண்டும் என்று பாலன் பிடிவாதம் பிடித்தார். தாலி கட்டும் மூன்று விநாடியும் அப்படியே உதிர்ந்தன, மொத்தம் எழுபத்தைந்து சீட்டு. உதிர்ந்த காட்சி மறுபடி டிஸ்க்கில் இருக்காது, அதுதானே நியாயம். பாலனுக்கு அது உறைக்கவில்லை, டிஸ்க்கைச் சம்பந்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். தாலி தெரிகிற எதையும் குப்பையில் போட சந்திரகலாவுக்கு மட்டும் மனம் வரவில்லை. பொறுக்கி ஒரு பிஸ்கட் டின்னில் வைத்தார்.

அடுத்த ஞாயிறு யோகநாதன் உறவுக்காரர் முப்பது பேரைச் சாப்பாட்டுக்கு அழைத்து, புது டிவியில் வீடியோவைப் போட்டார். சிவேந்திரன் தாலியைக் கையில் வாங்கினான். அடுத்த நொடி எல்லோரும் தலையிலிருந்து அட்சதையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். "தாலி கட்டினதோ, இல்லையோ?" என்று ஒரு மாமி வாய்விட்டே கேட்டார். விஷ்ணுப்ரியாவுக்கு முகம் செத்துப்போனது. யோகநாதன் உடனே பாலனுக்குப் போன் போட்டார்.

"மிஸ்டர் பாலன், தாலி கட்டினது எங்கே?"

பாலனுக்கு மானமே போனது போலிருந்தது. மகள் அந்த வீட்டில் தலைகுனிந்து நிற்பாளே என்று பதறி, டின்னை எடுத்துக்கொண்டு, கம்ப்யூட்டரைக் காரில் ஏற்றி, அதற்கு சீட் பெல்ட்டும் போட்டுக்கொண்டு கிளம்பினார். சம்பந்தி வீட்டுப் புது மெஷின்கள் எதிலும் சீட்டைப் போட வழியில்லை. பழையதில் சிடி வைக்கும் தட்டு இருந்தது. ஒவ்வொரு சீட்டாக அதில் வைத்துத் தள்ளினார். கம்ப்யூட்டர் முனகியது, சூடேறியது, வீடு முழுக்க சந்தன வாசனை அடித்தது. ஒரு சீட்டைக் காட்ட அதற்கு ஒரு நிமிடம் பிடித்தது. முப்பது பேரும் அசையாமல் ஒன்றேகால் மணி நேரம் தாலிகட்டைப் பார்த்தார்கள். முதல் முடிச்சு விழவே இருபது நிமிடம் ஆனது. கேள்வி கேட்ட மாமியும் சீட்டுகளில் தெரிந்தார், கொட்டாவி விட்டபடி.

நாற்பத்தோராவது சீட்டில் யோகநாதன் அழுதுகொண்டிருந்தார். நாற்பத்தாறு வரை அழுதார். கால் விநாடிகூட இல்லை, ஓடுகிற வேகத்தில் எந்தக் கண்ணுக்கும் தப்பியிருக்கும். ஃபோர்-கே என்பதால் கன்னத்துக் கண்ணீர்கூடப் பளிச்சென்று தெரிந்தது.

"மாமா, நீங்களா?" என்றாள் விஷ்ணுப்ரியா.

யோகநாதன் அந்த நிமிடம் முடியும்வரை தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சம்பந்தி, அந்தச் சீட்டை இன்னொருக்கா போடுங்கோ," என்றார்.

"போடறேன் சம்பந்தி. ஆனா நம்ம மெஷின் நிதானமாத்தான் காட்டும்," என்றார் பாலன், நெஞ்சை நிமிர்த்தி.

இப்போது கண்ணுக்குத் தப்பியதை நிதானமாகப் பார்க்க, கிள்ளான், ஷா ஆலமிலிருந்தெல்லாம் கல்யாண வீடியோவோடு செந்தூலுக்கு ஆட்கள் வருகிறார்கள், டின் அவரவர் கொண்டுவர வேண்டும். சனிக்கிழமைகளில் யோகநாதன் ஏழாவது மாடிக்கு வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, உதிர்வதைப் பொறுக்கிப் பாலன் கையில் கொடுக்கிறார்.