இன்னும் ஒரு மயிரிழை

ஜெர்வாசியோ வயலினின் தந்திகளைத் தளர்த்திக்கொண்டிருந்தபோது, இசௌரா புருஷன் ஃபிர்மினோவின் முதுகுக்கு இரண்டாவது தலையணையைக் கொடுத்தாள். மூன்று மாதமாகத் தூக்கித் தூக்கி, அவள் தோள்பட்டை அவள் சொன்னபடி கேட்பதில்லை.

"தந்தி ரொம்ப உசரம் மாப்ளே. அழுத்தினா பலகையைத் தொடவே மாட்டேங்குது," என்றார் ஃபிர்மினோ. அதற்குள் மூச்சு வாங்கியது.

"நாப்பது வருஷமா இதே உசரத்துலதானே வாசிச்சீங்க அத்தான்?"

"அப்ப நான் கழுதை, சுமந்தேன். இப்ப எறக்கி வையி."

ஜெர்வாசியோ இசௌராவின் தம்பி. தச்சன். அந்தப் பள்ளத்தாக்கில் கதவும் கட்டிலும் சவப்பெட்டியும் அவன் கைவேலைதான். ஃபிர்மினோ வாசிக்காமல் அங்கே ஒரு கல்யாணமும் நடந்ததில்லை. போன வாரம் எதிர்த்தீவான சான் விசென்டேயின் ஆஸ்பத்திரியில், இனி வீட்டிலேயே இருக்கட்டும் என்று படகேற்றி அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தமென்று மூவருக்கும் தெரியும்.

தந்திகளைத் தாங்கும் சின்ன மரக்குதிரையைக் கழற்றி, வளைவு கெடாமல் அதன் உச்சியை உப்புத்தாளில் தேய்த்தான். திரும்ப நிறுத்திச் சுருதி சேர்த்தான். ஃபிர்மினோவின் வீங்கிய விரல் தந்திமேல் போய்ப் படுத்தது. வில்லை இசௌராதான் பிடித்து இழுத்தாள். ஒரு சீறல் மட்டும் வந்தது.

"இன்னும் ஒரு மயிரிழை."

மறுபடி கழற்றி, தேய்த்து, மாட்டினான். மறுபடி சீறல்.

"இன்னும் கொஞ்சம்."

ஜெர்வாசியோ வயலினை எடுத்துக்கொண்டு அக்காவை அடுப்படிக்குக் கூப்பிட்டான்.

"அக்கா, இதுக்கு மேல தேச்சா தந்தி பலகையில படுத்துக்கும். வெறும் கரகரப்புதான் வரும். குறை தந்தியில இல்ல."

"தெரியும்."

"நான் எப்படிச் சொல்றது?"

அடுப்பில் கச்சுப்பா, சோளமும் பயறும் சேர்ந்த கூழ், அடிப்பிடிக்கிற வாசனை. தொட்டியில் காலையில் நனைத்த விரிப்புகள். இசௌரா குனிந்து ஒரு விறகுத் துண்டை எடுத்து நீட்டினாள்.

"ஒண்ணும் சொல்லாத. இதைத் தேயி. அவருக்குக் கேக்கணும்."

தேய்த்தான். உள்ளே போய் வயலினை அப்படியே அவர் மடியில் வைத்தான். ஃபிர்மினோ விரலை வைத்துப் பார்த்தார். வில்லைக் கேட்கவில்லை.

"இப்ப சரியா இருக்கு," என்றார். பிறகு உதட்டோரம் சுளித்தது. "விறகு நல்லாக் காஞ்சிருக்கு போல?"

மூவரும் சிரித்தார்கள். அவருக்குச் சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க வெகுநேரமானது.

மத்தியானம் இசௌரா விரிப்புகளைப் பிழிந்துகொண்டிருந்தாள். தம்பி வந்து வாசற்படியில் நின்றான். அவன் வாய் திறப்பதற்கு முன்பே அவளுக்குப் புரிந்துவிட்டது. முதலில் அழுகை வரவில்லை. இனி உட்காரலாம் என்றுதான் தோன்றியது. அப்படித் தோன்றியதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கையிலிருந்த விரிப்பைக் கடைசிவரை பிழிந்து, கொடியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போனாள்.

மறுநாள் காலை பெட்டியைத் தூக்குமுன் ஜெர்வாசியோ கேட்டான்: "பெட்டிக்குப் பின்னால அத்தானோட வயலினை வாசிச்சுட்டு வர ஆள் வந்திருக்கு. குதிரைக்கு அடியில அட்டை வச்சுத் தூக்கிடட்டுமா? சத்தம் நல்லா எழும்பும்."

"வேண்டாம். இருக்கிறபடி வாசிக்கட்டும்."

சன்னமாகத்தான் கேட்டது. கரும்புத் தோட்டத்தைத் தாண்டியதும் காற்று அதையும் வாங்கிக்கொண்டது.

கல்லறையிலிருந்து திரும்பியபோது வீடு நிறையப் பெண்கள். யாரோ காப்பிக் கோப்பையைக் கையில் கொடுத்தார்கள். இசௌரா நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வாய் குடித்தாள். தலை சுவரில் சாய்ந்து, அப்படியே கண் அசந்தாள். பக்கத்து வீட்டு எர்மெலிண்டா, கோப்பை சரியுமுன் அதை மெல்ல வாங்கிக்கொண்டாள்.

மேட்டு ஊர்ச் சனம் ஓலமிட்டுக்கொண்டு வாசலேறியது. எர்மெலிண்டா உதட்டில் விரல் வைத்தாள். அவர்கள் முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்து, ஒவ்வொருவராக உள்ளே வந்து அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.