அக்கரைச் சோடி

அந்த ஞாயிற்றுக்கிழமை பதியுதீன் வரவில்லை. நல்லரத்தினம் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு நீச்சல் சங்கத்துக் கொட்டகைப் படியில் உட்கார்ந்திருந்தார். காத்தான்குடிப் பக்கமிருந்து வரும் பஸ் கல்லடிப் பாலத்தில் ஏறி இறங்கிப் போனது. பதியுதீனைக் காணவில்லை. மற்றவர்கள் சோடி சோடியாகத் தண்ணீரில் இறங்கிப் போய்விட்டார்கள். வெயில் ஏறிய பிறகு சங்கச் செயலாளர் வல்லிபுரம் வந்து பக்கத்தில் நின்றார்.

"ரத்தினம் அண்ணன், உங்களுக்கு ஒருத்தரும் சொல்லல்லியா? பதியுதீன் முதலாளி வியாழக்கிழமை மௌத்தாகிட்டாராம். கடையில இரிக்கக்குள்ள நெஞ்சு வலிச்சிருக்கு. அண்டைக்கே அடக்கியும் போட்டாங்களாம்."

"ஓம்" என்றார் நல்லரத்தினம், ஏற்கெனவே தெரிந்த செய்தி போல. ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே விளங்கவில்லை. எழுந்து உடுப்பை மாற்றி, நனையாத துண்டை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

புளியந்தீவின் வாவிக்கரையில் இருந்த அந்தச் சங்கம் அவருடைய தகப்பன் காலத்தில் தொடங்கியது. பாலம் வருவதற்கு முன்பு, காற்றுக் காலத்தில் ஒரு தோணி கவிழ்ந்து சனங்கள் செத்துப்போனார்கள். வாவியைச் சுற்றிக் குடியிருக்கிற ஊரில் பாதிப்பேருக்கு நீந்தத் தெரியவில்லையே என்று சிலர் கூடி இதை ஆரம்பித்தார்கள். யாரும் வரலாம். கோட்டில் வழக்குப் பேசுகிற பிரக்கிராசியும் வருவார், முடிவெட்டுகிறவரும் வருவார், சட்டையைக் கழற்றிவிட்டால் எல்லாரும் ஒன்று. நீந்தவே தெரியாதவர்கள் கரையோடு மார்பளவுத் தண்ணீரில் நிற்பார்கள். ஓரளவு தெரிந்தவர்கள், தண்ணீருக்குள் நட்டிருந்த கம்புவரை போய்த் திரும்புவார்கள். நன்றாகத் தெரிந்தவர்களுக்கு அக்கரை. வாவியைக் கடந்து கல்லடியில் ஏறி, இளைப்பாறித் திரும்ப வேண்டும். அக்கரைக்கு ஒருவரும் தனியே போகக் கூடாது. ஒவ்வொருவருக்கும் ஒரு சோடி. சங்கத்தில் மற்ற எதை மாற்றினாலும் இந்தச் சட்டத்தை மாற்ற மாட்டார்கள்.

நல்லரத்தினமும் பதியுதீனும் இளந்தாரிகளாக இருந்தபோது சோடி சேர்க்கப்பட்டவர்கள். இரண்டு பேருக்கும் ஒரே வேகம் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. நல்லரத்தினம் நீர்ப்பாசனக் கந்தோரில் கிளாக்கர். பதியுதீனுக்குப் பட்டினத்தில் புடவைக்கடை இருந்தது. தெருவில் கண்டால் தலையை ஆட்டிக்கொண்டு போவார்கள். நல்லரத்தினம் அந்தக் கடையில் ஒரு முழத் துணிகூட வாங்கியதில்லை. அந்த மனிதரோடு விலை பேசுவது எப்படி என்ற கூச்சம். ஒருவர் வீட்டுக்கு மற்றவர் போனதில்லை. ஆனால் தண்ணீருக்குள் நல்லரத்தினம் வலப்பக்கம் முகத்தைத் திருப்பி மூச்செடுப்பார், அவருக்கு வலப்பக்கத்தில் வரும் பதியுதீன் இடப்பக்கம் திருப்பி மூச்செடுப்பார். தலை தூக்கும்போதெல்லாம் எதிரே மற்றவருடைய முகம் இருக்கும். இப்படியே தலை நரைக்கும் வரைக்கும் நீந்திவிட்டார்கள்.

வீட்டில் அவருடைய மனைவி அன்னப்பூரணி முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏன் இவ்வளவு நேரத்தோட வந்திட்டீங்க? துண்டும் காய்ஞ்சபடி இரிக்கு."

"பதியுதீன் செத்துப்போனார்."

"ஆரது?"

"என்னோட நீந்திற ஆள்."

"அந்தக் காத்தான்குடி முதலாளியா? ஐயோ பாவம். புள்ளைகள் இரிக்கா?"

"இரிக்கும்."

"இரிக்குமா? இத்தின வருசம் சேந்து நீந்தியும் தெரியாதா?"

அவர் துண்டைக் கொடியில் போட்டார். உறவில் ஒருவர் இறந்தால் துடக்கு என்பார்கள், அடுப்பில் மீன் ஏறாது, கந்தோரில் லீவு கிடைக்கும், நாலுபேர் வந்து உட்கார்ந்து போவார்கள். இதற்கு அப்படி ஒன்றும் இல்லை. அன்னப்பூரணி அன்றைக்கு மீன் ஆணம் காய்ச்சியிருந்தாள். நன்றாகத்தான் இருந்தது. சாப்பிட்டார்.

செவ்வாய்க்கிழமை கந்தோர் விட்டதும் பஸ் ஏறிக் காத்தான்குடிக்குப் போனார். வீட்டைக் கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. வாசலில் போட்டிருந்த வாங்குப் பலகையில் பதியுதீனின் தம்பி உசனார் இருந்தார். முகச்சாயல் அப்படியே அண்ணனுடையது. நல்லரத்தினத்துக்குப் பார்வையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"வாங்க, இரிங்க" என்றார் உசனார். "காக்காட கடையில புடவை எடுக்கிறவங்களா?" அண்ணனை அவர்கள் காக்கா என்பார்கள்.

"இல்ல. நான் அவரோட நீந்திறனான்."

"நீந்திறதா? எங்கட காக்காவா?"

"ஓம். ஞாயிற்றுக்கிழமையில. ஆத்தக் கடந்து கல்லடிக்குப் போய் வருவம்." வாவியை ஊரில் எல்லாரும் ஆறு என்றுதான் சொல்வார்கள்.

உசனார் வாயைத் திறந்தபடி இருந்தார். "ஆத்துல குளிச்சிட்டுக் கடைக் கணக்குப் பார்க்கப் போறன் எண்டுதான் எங்களுக்குச் செல்லுவாரு. நீந்திறதெண்டு ஒருநாளும் செல்லல்ல." எழுந்து உள்ளே போனார். உள்ளே பெண்களின் குரல் தாழ்வாகக் கேட்டது. திரும்பி வந்தபோது வாசற்கதவு கொஞ்சம் திறந்தபடி நின்றது.

"மதினி கேக்காங்க, ஆழத்தில அவருக்குப் பயமில்லயாமா?"

"பயமே இல்ல. என்னை விட நல்லா நீந்துவார்" என்றார் நல்லரத்தினம், கதவுக்குக் கேட்கும்படி.

அது உண்மையல்ல. இரண்டு பேரும் ஒரே மாதிரித்தான். ஆனால் கதவுக்குப் பின்னால் நிற்கிற பதியுதீனின் மனைவி கைறுன்னிஸாவுக்கு அதைத்தான் சொல்ல வேண்டும்போல் இருந்தது. அவளுடைய பெயரைக்கூட அன்றைக்குத்தான், உள்ளே யாரோ கூப்பிட்டபோது, கேட்டறிந்தார். தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தார். யாரையும் தேற்றவும் தெரியவில்லை, யாரும் அவரைத் தேற்ற வேண்டும் என்று நினைக்கவும் இல்லை.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைகளிலும் சங்கத்துக்குப் போனார். படியில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தார். வல்லிபுரம் மனம் பொறுக்காமல் இளம் பிரக்கிராசி ஒருவரை அவருக்குச் சோடி சேர்த்துவிட்டார். நல்ல பிள்ளை, மரியாதை தெரிந்தவர். ஆனால் இரண்டு வீச்சில் முன்னே போய்விடுவார். போய் நின்று, "ஆறுதலா வாங்க ஐயா" என்பார். நல்லரத்தினம் எட்டிப் பிடித்ததும் மறுபடி முன்னே போவார். அன்றைக்கு அக்கரைக்குப் போய்த் திரும்பும்வரை அந்தப் பிள்ளை நின்றுகொண்டும் காத்துக்கொண்டும் இருந்தது. கரை ஏறியதும் நல்லரத்தினம் வல்லிபுரத்திடம் போய், "அவருக்கு வேற ஆளப் பாருங்க, தம்பி" என்று சொல்லிவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாங்கக் கோயிலின் தீர்த்தத் திருவிழா. முக்கால்வாசிச் சங்கம் கோயில் இருக்கும் அமிர்தகழிக்குப் போய்விட்டது. கொட்டகையில் ஆள் இல்லை. நல்லரத்தினம் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார், தண்ணீரில் இறங்கினார், கம்பைத் தாண்டினார். யோசித்துச் செய்ததல்ல. கை தன்பாட்டில் வீசிக்கொண்டு போனது. வலப்பக்கம் தலை தூக்கும்போதெல்லாம் தண்ணீர்தான் தெரிந்தது. தண்ணீருக்கு அப்பால் வெகுதூரத்தில் ஒரு தென்னஞ்சோலை. இத்தனை வருடமும் அந்தச் சோலை அங்கேதான் இருந்திருக்கிறது. முகம் ஒன்று மறைத்துக்கொண்டிருந்ததால் அவர் அதைக் கண்டதில்லை.

கல்லடிக் கரையில் ஏறி மணலில் உட்கார்ந்தார். வழக்கமாக அங்கே இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் மூச்சு வாங்கிக்கொண்டு இருப்பார்கள். இப்போதும் பேச்சு இல்லை. ஆனால் இது வேறு மாதிரி இருந்தது. கொஞ்ச தூரத்தில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருவர், "தனியாவா வந்தீங்க?" என்று கேட்டார். "ஓம்" என்றார். அந்த மனிதர் மறுபடி வலைக்குத் திரும்பிவிட்டார்.

திரும்பி நீந்த உடம்பில் தெம்பு இருந்தது. தண்ணீரில் இறங்கக் கால் வரவில்லை. இடுப்பில் ஒட்டிய ஈரத் துண்டோடு பாலத்தில் நடந்து வந்தார். பாலத்து இரும்பு சுட்டது. தீர்த்தம் முடிந்து திரும்பும் வண்டில்கள் ஒன்றன் பின் ஒன்றாக எதிரே வந்தன. ஒரு வண்டிலில் அவருடைய கந்தோர்ப் பெரிய கிளாக்கர் குடும்பத்தோடு இருந்தார். அவர் பார்த்தார், பிறகு பார்க்காதது போல் மறுபக்கம் திரும்பிக்கொண்டார். வண்டிலுக்குள் பிள்ளைகள் சிரித்தார்கள்.

செய்தி வல்லிபுரத்துக்கு எட்ட அதிக நேரம் ஆகவில்லை. அடுத்த கூட்டத்தில் அவர் தலையைக் குனிந்துகொண்டுதான் பேசினார்.

"கோவிக்காதீங்க அண்ணன். உங்கட அப்பா ஆக்களே போட்ட சட்டம் இது. இண்டைக்கு உங்கள விட்டா நாளைக்கு ஒரு இளந்தாரி தனியப் போவான். போனவன் வராட்டி அவன்ட தாய்க்கு ஆர் பதில் சொல்றது? மாரி வரைக்கும் நீங்க கரையோட நில்லுங்க."

"சரி, தம்பி" என்றார் நல்லரத்தினம். அவருக்குக் கோபம் இல்லை. சட்டம் சரி என்றுதான் பட்டது.

அப்படித்தான் அவர் நீந்தத் தெரியாதவர்களோடு மார்பளவுத் தண்ணீரில் நிற்கத் தொடங்கினார். மூக்கைப் பொத்திக்கொண்டு முக்குளிக்கிறவர்கள், கம்பைப் பிடித்துக் காலடிக்கிறவர்கள், தண்ணீர் முகத்தில் பட்டால் கூச்சலிடுகிற ஒரு தட்டார். அவர்கள் அவருக்கு மரியாதையாக இடம் விட்டு விலகி நின்றார்கள். அந்த மரியாதையால் அவரைச் சுற்றி எப்போதும் கொஞ்சம் வெறுந்தண்ணீர் கிடந்தது.

ஒருநாள் உசனார் வந்தார். சாரனும் பெனியனுமாகக் கரையில் நின்றுகொண்டு, "காக்கா எவடத்தால இறங்குவாரு?" என்று கேட்டார். நல்லரத்தினம் காட்டினார். உசனார் அந்த இடத்தால் மெல்ல இறங்கி, இடுப்பளவு வந்ததும் பயந்து நின்றார். நல்லரத்தினம் கையை நீட்டினார். அவர் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் வந்து சேர்ந்த பிறகும் விடவில்லை.

"கிளாக்கரையா, ஒண்டு கேக்கணும். அதுக்காகத்தான் வந்த. காக்கா உங்களோட என்ன கதைப்பாரு?"

"பெரிசா ஒண்டும் இல்லயே. நடு ஆத்தில கொஞ்சம் மல்லாந்து கிடப்பம். இண்டைக்குத் தண்ணி குளிர் எண்டுவார். பாசி கூட எண்டுவார். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?" உசனாருடைய முகம் விழுந்துபோனது. "வீட்டிலயும் கதைக்கமாட்டாரு. வாப்பா மௌத்தாகக்குள்ள காக்காக்குப் பதினாறு வயசு. எங்க எல்லாரையும் அவருதான் வளத்தாரு. அவர்ர செருப்புச் சத்தம் கேட்டா நாங்க வாயப் பொத்திக்குவம். உங்களோடயாவது மனசு விட்டுக் கதைச்சிருப்பாரு எண்டு நெனச்சன்."

நல்லரத்தினம் யோசித்தார். வெறுங்கையோடு இந்த மனிதனை அனுப்ப மனம் வரவில்லை.

"சிரிப்பார்" என்றார்.

"ஆரு?"

"உங்கட காக்காதான். நான் தண்ணி குடிச்சிட்டாச் சிரிப்பார். மீன் வந்து கால்ல முட்டினாச் சிரிப்பார். சில நாள் ஒண்டுமில்லாமலும் சிரிப்பார்."

"சத்தம் போட்டா?"

"ஓம். நல்லாச் சத்தம் போட்டு."

உசனார் வாவியின் நடுப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நான் கேட்டதேயில்ல" என்றார் கடைசியில். "எப்பிடி இரிக்கும், அந்தச் சிரிப்பு?"

நல்லரத்தினம் வாயைத் திறந்தார். அந்தச் சத்தம் அவருக்குத் துல்லியமாக நினைவிருந்தது. ஆனால் வெளியே எடுக்க முடியவில்லை. "எனக்குச் செய்து காட்டத் தெரியல்ல" என்றார். உசனார் குனிந்து இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார். பலமுறை அடித்துக்கொண்டார். நல்லரத்தினம் மறுபக்கம் திரும்பி நின்றார்.

அதன்பிறகு உசனார் சில ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தார். அவருக்கு நீச்சல் வரவில்லை. கைகொடுத்து மல்லாத்தினால் மரக்கட்டை போல் விறைத்து அமிழ்ந்துவிடுவார். அண்ணனைப் பற்றி மறுபடி கேட்கவும் இல்லை. பக்கத்தில் நின்று குளித்துவிட்டுப் போவார். கடையின் பொறுப்பு முழுவதும் இப்போது அவருடையது. ஒருநாள் தலையைத் துவட்டிக்கொண்டே, "இனி வரக் கிடைக்காது, கிளாக்கரையா. ஞாயிற்றுக்கிழமையும் கடை திறக்கணும் போல. நீங்க வீட்டுக்கு வாங்க" என்றார்.

"வாறன்" என்றார் நல்லரத்தினம்.

போகவில்லை. போய் என்ன பேசுவது? சொல்லக்கூடிய ஒன்றை அவர் சொல்லி முடித்துவிட்டார்.

மாரி தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னதாக வல்லிபுரம் அவரை மறுபடி அக்கரைக்கு விட்டார். சோடி இல்லாதபடியால் மஜீட் மாஸ்டரோடும் தபால் கந்தோர் சீனித்தம்பியோடும் மூன்றாவது ஆளாகப் போகச் சொன்னார். அவர்கள் மறுக்கவில்லை. மூன்று பேரும் ஒன்றாக இறங்கினார்கள். அவர்களுடைய வேகம் அவருக்கு ஒத்துத்தான் வந்தது. நடு வாவியில் அவர்கள் இரண்டு பேரும் மல்லாந்து கிடந்து பள்ளிக்கூட நியமனம் ஒன்றைப் பற்றிக் கதைத்தார்கள். நல்லரத்தினம் கொஞ்சம் தள்ளி மிதந்துகொண்டு, அந்தப் பேச்சு முடியட்டும் என்று இருந்தார். காது தண்ணீருக்குள் இருந்ததால் சொற்கள் விளங்கவில்லை. இரண்டு குரல்கள் மாறி மாறி வருவது மட்டும் கேட்டது.

"களைச்சிட்டீங்களா அண்ணன்?" என்று மஜீட் மாஸ்டர் தலையை நிமிர்த்திக் கேட்டார்.

"இல்ல மாஸ்டர். போவம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போனார். மழை பிடித்து, உன்னிச்சைப் பக்கத்து வெள்ளம் வந்து வாவி கலங்கும்வரை ஒரு கிழமையும் விடாமல் போனார். பிறகு சங்கத்தை வழக்கம்போல் மூடினார்கள். மழை நாள் ஒன்றில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அவருக்கு அன்னப்பூரணி தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். போகாமல் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாள்.

"வெள்ளம் வடிஞ்சாத் திரும்பப் போவீங்கதானே?"

"போவன்" என்றார்.

அவள் உள்ளே போனாள். அவர் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.