இருசம்மாளின் நீராவிப் படகும் அடுத்தவர் பாடும்

1

இந்தக் கதையை எழுதுகிறவள் பெயர் நந்தினி. 'நான்' என்று எழுதினால் ஊரில் ஓட்டித் தள்ளிவிடுவார்கள் என்று பயந்து 'அவள்' ஆகிவிட்டாள். இப்போது யாருக்கும் தெரியாதாம்.

கதை பிறந்தது பொறாமையில், அதையும் சொல்லிவிடுவோம். பழவேற்காட்டு ஐஸ் ஃபேக்டரியில் பில் போடுகிற வேலை அவளுக்கு. கரண்ட் போன ஒரு மதியம், டெலிகிராமில் 'பித்தளைப் பறவைகள்' என்ற குழு கண்ணில் பட்டது. நீராவி யந்திரங்களின் காலம் முடியாமலே போயிருந்தால் உலகம் எப்படி இருக்கும் என்று கதை எழுதுகிறவர்கள். அந்தக் கதைகளில் வருகிறவர்களைப் போலவே உயரத் தொப்பியும் பல்சக்கரம் தைத்த கோட்டும் போட்டுப் படமெடுத்துக்கொள்கிறவர்கள். எல்லாக் கதையிலும் லண்டன். எல்லாத் தெருவிலும் மூடுபனி, கேஸ் விளக்கு. ஒருத்தருக்கும் வியர்க்கவே இல்லை. ஏன், நம் ஏரியில் நீராவி கொதிக்காதா என்று அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது.

2

தொடக்கங்கள்:

(டச்சுக் கோட்டையின் மேல் அந்த வான்கப்பல் மெல்ல இறங்கியபோது... வேண்டாம். கோட்டையில் மிச்சமிருப்பது செங்கல்லும் கருவேலமும். எதன் மேல் இறங்கும்?)

(கேஸ் விளக்கின் மஞ்சள் ஒளியில் அவளுடைய பித்தளைக் கை மின்னியது... உப்புக் காற்றில் இரண்டே வாரத்தில் பச்சை பூத்துவிடும். யார் தேய்ப்பது?)

(இருசம்மாள் கொதிகலனுக்குச் சவுக்கு விறகை அள்ளிப் போட்டாள்.)

இது நின்றது. இருசம்மாள் நீராவிப் படகின் கேப்டன், ஒற்றைக் கண்ணுக்கு மட்டும் கண்ணாடி, வாயில் எப்போதும் வெற்றிலை. துடுப்புப் படகுகளை எல்லாம் பின்னே தள்ளிக்கொண்டு முகத்துவாரத்துக்குப் பாய்வாள், நீராவி ராட்டினத்தில் வலையை இழுத்து இறாலை மலையாகக் குவிப்பாள். குழுவில் ஒரே கொண்டாட்டம். கோயம்புத்தூரில் ஒரு பெண் இருசம்மாள் மாதிரியே உடை தைத்துக்கொண்டாள்.

3

குழு தன் முதல் புத்தகத்தை அச்சிடுகிறது. அட்டையில் இருசம்மாள். கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. அதை நந்தினி ஏரிக்கரையிலேயே வாசிக்க வேண்டும், எல்லாரும் வேஷத்தோடு ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்று குழுவை நடத்தும் பிரதாப் அறிவித்துவிட்டார்.

பில்லைத் தவிர வேறெதிலும் அச்சான எழுத்தாகத் தன் பெயரை அவள் பார்த்ததில்லை. அந்தப் புத்தகம் அவளுக்கு வேண்டும். ரொம்ப வேண்டும்.

4

வெள்ளிக்கிழமை, கணவன் மாசிலாமணி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அதுவரை எழுதியதை வாசித்துக் காட்டினாள். படகில் மீனுக்குப் போகிறவன், கொதிகலன் எத்தனை பெரிசு, புகை எந்தப் பக்கம் போகும் என்றெல்லாம் ஆசையாகக் கேட்டான். முடிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு, "அன்னிக்கி அங்க யாரு பாடு?" என்றான்.

நந்தினிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

(வெளியூர் வாசகருக்கு: ஏரியில் மீன் விழுகிற இடங்களுக்கு முறை உண்டு. ஊரில் சீட்டுக் குலுக்கி, இந்த நாள் இவர், அடுத்த நாள் அவர் என்று பிரித்துக்கொள்வார்கள். அதுதான் பாடு. எவ்வளவு பெரிய படகு வைத்திருந்தாலும் அடுத்தவர் பாட்டில் வலை போட்டால் ஊர்க்கூட்டம், அபராதம். இந்த ஊரிலேயே பிறந்தவள் புகையைப் பார்த்த குஷியில் இதை மறந்து ஆறு அத்தியாயம் எழுதியிருக்கிறாள்.)

கதைதானே என்று சமாளித்தாள்.

"கதைல ஆவில ஓட்டு, ஆகாசத்துல கூட ஓட்டு. அடுத்தவன் பாடுல பூந்தா அவ திருடிதான். நாளைக்கி ஊர்ல என்னியதான் கேப்பாங்க."

பிரதாப்புக்கு ஃபோன் போட்டாள். அவருக்கு ஏக சந்தோஷம். பழைய கட்டுப்பாட்டை உடைக்கிற புரட்சிக்காரி, இன்னும் பிரமாதம், அப்படியே விடுங்கள் என்றார். மாற்றினால் கதை புத்தகத்தில் இருக்காது என்பதையும் மரியாதையாகவே சொன்னார்.

அன்று படுக்கப் போகும்போதுதான் அவளுக்கு இன்னொன்று உறைத்தது. சீட்டில் எழுதுவது ஆண்கள் பெயர்தான்.

"சரி, திருடிதான். அவ பாடு எப்ப வரும்?" என்று கேட்டாள்.

மாசிலாமணி திரும்பிப் படுத்துக்கொண்டான். ஆனால் தூங்கவில்லை.

5

முடிவுகள்:

அ. பிரதாப் கேட்டது. இருசம்மாள் விசில் ஊதுகிறாள், எல்லாப் படகும் சிதறி ஓடுகின்றன, கைதட்டல். அன்றைய பாடு யாருடையதோ அவனுக்கு 'சம்பந்தம்' என்று நந்தினி தெரியாத்தனமாகப் பெயர் வைத்துவிட்டாள். பெயர் வைத்ததும் அவன் காலி வலையோடு நிற்பது தெரிகிறது. பாவம், அவனுக்கு மாதத்தில் அது ஒரு நாள்தான்.

ஆ. மாசிலாமணி கேட்டது. மன்னிப்பு, அபராதம், கும்பிடு. எழுத ஆரம்பித்தாள், கை வரவில்லை. இருசம்மாள் எதற்காகக் கும்பிட...

இ. கொதிகலன் வெடித்துவிடுகிறது. (சீ, சோம்பேறி.)

6

ஞாயிற்றுக்கிழமை பொன்னேரி பஸ்ஸிலிருந்து பித்தளைப் பறவைகள் இறங்கின. அந்த வெயிலில் கம்பளிக் கோட்டு. மீன் கூடைக்காரப் பெண்கள் எந்த ஊர் சர்க்கஸ் என்று விசாரித்தார்கள். பிரதாப் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். கடைசியில் லண்டன் ஆட்களுக்கு வியர்த்தது. நந்தினிக்கு அதில் கொஞ்சம் ஆனந்தம்தான்.

படகுகள் ஓரம் நின்று வாசித்தாள். ஒரு பக்கம் தொப்பிகள், ஒரு பக்கம் ஊர் ஆண்கள், அவர்களில் மாசிலாமணி. இருசம்மாள் முகத்துவாரத்தை நெருங்குகிறாள். சம்பந்தம் வலையோடு நிற்கிறான். அவள் நீராவியைத் திறந்துவிட்டு யந்திரத்தை நிறுத்துகிறாள். படகைத் திருப்பிக்கொண்டு, சீட்டுக் குலுக்குகிற இடத்துக்கு வந்து, "எம் பேரையும் எழுதுங்க" என்கிறாள்.

அதோடு காகிதத்தை மடித்துவிட்டாள்.

அப்புறம் என்று தொப்பிகள் கேட்டன. அப்புறம் என்றுதான் ஊரும் கேட்டது. எழுதவில்லை என்றாள்.

"இன்னாம்மா, இது கதையா மனுவா?" என்றார் ஒரு பெரியவர். எல்லாரும் சிரித்தார்கள். மாற்றியது போகட்டும், முடிவில்லாமல் அச்சிட முடியாது, நாளைக் காலைக்குள் ஒரு வரியாவது வேண்டும் என்று பிரதாப் கெஞ்சினார்.

மாசிலாமணி சிரிக்கவில்லை. அவர்களை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது, பாதி வழியில், அவளைப் பார்க்காமலே கேட்டான்.

"சீட்டுல நைனா பேரையும் சேத்துதான் எழுதுவாங்க. அவ நைனா பேரு இன்னா?"

நந்தினி நின்றுவிட்டாள். கொதிகலன், ராட்டினம், ஒற்றைக் கண்ணாடி எல்லாம் கொடுத்தவள், இருசம்மாளுக்கு ஓர் அப்பாவைக் கொடுக்கவில்லை. இப்போது ஒவ்வொரு பெயராக எழுதி எழுதி அடிக்கிறாள்.

காலைக்குள் வேண்டும். நீங்கள் ஒரு பெயர் சொல்லுங்கள்.