அச்சுக்குப் போன சொல்

கண்ணாடியைப் போட்டுவிடுவதா, கழற்றியே வைப்பதா என்று மகள் கேட்டபோது, இறந்து கிடந்த கணவரின் சட்டைக் கையை அம்மா மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். போட்டுவிடு என்றாள். கண்ணாடி இல்லாத முகம் யாரோ போல இருந்தது.

கணவன் மனைவி இருவருக்கும் ஒரே தொழில். உயிரியல் புத்தகங்களை ஆங்கிலத்திலிருந்து ரஷ்ய மொழிக்குப் பெயர்ப்பது. காட்டு விலங்குகளைப் பற்றிய கடைசிப் புத்தகத்தில் ஒரு சொல் இருவரையும் மல்லுக்கு நிறுத்தியது. நரி இனம் பரவியிருக்கும் நிலம் முழுவதையும் ஆங்கிலத்தில் ‘ரேஞ்ச்’ என்கிறார்கள். ஒரு தனி நரி இரை தேடிச் சுற்றிவந்து படுக்கும் இடமும் ‘ரேஞ்ச்’தான். ரஷ்ய மொழியில் முதலாவதற்கு ‘அரியால்’ இருந்தது. இரண்டாவதற்கும் அதையே போட்டுவிடலாம் என்றார் அவர். அது ‘உச்சாஸ்தக்’, அதாவது நிலத்துண்டு, வேறு எதுவும் ஒட்டாது என்றாள் அவள். அதைப் படித்தால் காய்கறித் தோட்டம்தான் நினைவுக்கு வரும், நரி என்ன வெள்ளரிக்காயா போடுகிறது என்று சிரித்தார். சாப்பாட்டு மேஜையிலும் அதே சண்டை.

ஆஸ்பத்திரியில் படுத்த பிறகுதான் இறங்கிவந்தார். போன ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ சொன்னதுதான் சரி. உன் சொல்லே இருக்கட்டும்” என்றார். அன்று சாயங்காலத்திலிருந்து அவருக்குத் தெளிவாகப் பேச்சு வரவில்லை. அதுவே போதும் என்றிருந்தாள்.

பதிப்பகத்து ஆசிரியர் பூங்கொத்தை வைத்துவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது என்றார். ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் மற்றதையும் சொன்னார்.

“கடைசிவரைக்கும் சாருக்கு வேலை ஞாபகம்தாம்மா. ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரிலருந்து போன் பண்ணினார். உச்சாஸ்தக் வர்ற இடத்தையெல்லாம் அரியால்னு மாத்திடச் சொன்னார்.”

அது அவள் வெந்நீர் வாங்கக் கீழே போயிருந்த நேரம்.

“வேற எதாவது சொன்னாரா?”

ஆசிரியர் தயங்கினார். “வீட்ல தெரிய வேணாம்னார். உங்க மனசு நோகாம இருக்கட்டும்னு காலைல உங்ககிட்ட சும்மா தலையாட்டி வச்சேன்னார். நல்ல மனுஷன்.”

ஆமாம் என்றாள். டீ சாப்பிட்டீர்களா என்று அவரைக் கேட்டாள்.

உடலை வண்டியில் ஏற்றினார்கள். மகள் உள்ளே ஏறி, பக்கத்தில் அம்மாவுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

“நீ அப்பாகூடப் போ. நான் பின்னால வர்றேன்.”

“அம்மா…”

“போம்மா.”

அக்கம்பக்கத்தார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் பின்னால் நின்ற வாடகை வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். முதல் வண்டி தெருமுனையில் திரும்பியது. அதை விட்டுவிடாமல் நெருக்கமாகப் போகட்டுமா என்று ஓட்டுநர் கேட்டார்.

“வேணாம். வழி தெரியும்” என்றாள்.